நாமமா, பொட்டா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் கோவைக் குளங்களைப் பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்த படத்தின் கீழே 'தாழைக்கோழி' என்று அச்சாகியிருந்ததே, அது தாழைக்கோழி இல்லை, நாமக்கோழி. நிஜமான தாழைக்கோழி உள்பக்கத்துச் சின்னப் படத்தில் இருக்கிறது, அதற்கு 'நீர் வாத்து' என்று பெயர் கொடுத்துவிட்டீர்கள். இரண்டுமே வாத்து கிடையாது. நம் ஊர்ப் புதர்களில் ஓடும் கானாங்கோழியின் சொந்தக்காரர்கள்.

நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தேன். சிங்காநல்லூர் குளத்துக்குப் போக ஆரம்பித்த புதிதில், கறுப்பாக மிதந்ததையெல்லாம் ஒரே பேரில் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். பரிசலில் மீன் பிடித்துவிட்டுக் கரையேறிய ஒரு பெரியவர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "நாமம் போட்டிருந்தா நாமக்கோழிங்க, பொட்டு வெச்சிருந்தா தாழைக்கோழிங்க, இதுக்கு எதுக்குங்க பைனாகுலரு?" என்றார்.

வளர்ந்த பறவைகளுக்கு அவர் சொன்னதே போதும். நாமக்கோழிக்கு உடம்பெல்லாம் கரி நிறம், அலகும் நெற்றியும் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. தாழைக்கோழி அதைவிடக் கொஞ்சம் சிறியது, நெற்றியும் அலகும் குங்குமச் சிவப்பு, அலகின் நுனி மட்டும் மஞ்சள். சிக்கல் குஞ்சுப் பருவம் தாண்டிய இளசுகளிடம்தான். அந்த வயதில் தாழைக்கோழிக்குப் பொட்டும் இருக்காது, ஒன்றும் இருக்காது, மங்கிய பழுப்பு நிறத்தில் திரியும். ஒரு பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் பதினோரு இளசுகளை நாமக்கோழிக் கணக்கில் சேர்த்து எழுதி, கூட வந்த கல்லூரிப் பெண்ணிடம் "அண்ணா, விலாவைப் பாருங்க" என்று கேட்டுக்கொண்டது எனக்கு இன்னும் மறக்கவில்லை. தாழைக்கோழிக்கு விலாவோரம் விட்டு விட்டு ஒரு வெள்ளைக் கோடு ஓடும், வாலடியிலும் இருபுறம் வெள்ளை இருக்கும், நீந்தும்போது வாலைத் தூக்கி வெடுக் வெடுக்கென்று ஆட்டி அதைக் காட்டிக்கொண்டே போகும். இளசுக்கும் இந்த இரண்டும் உண்டு. நாமக்கோழிக்கு எந்த வயதிலும் கிடையாது, முதுகைக் கூன் போட்டு வாலைத் தண்ணீரோடு படியவிட்டு மிதக்கும். அதன் இளசுக்குத் தொண்டையிலும் முன்கழுத்திலும்தான் வெளுப்பு.

அப்புறம் கால். எனக்குப் பிடித்த வித்தியாசம் அதுதான், தண்ணீருக்குள் இருப்பதால் பலரும் பார்ப்பதில்லை. நாமக்கோழி கரையேறும்போது கவனியுங்கள், ஒவ்வொரு விரலும் புளியம்பழம் மாதிரி கணுவுக்குக் கணு இடுங்கி, நடுவில் அகன்று மடல் மடலாக இருக்கும். அதுதான் அதற்குத் துடுப்பு. நடுக்குளத்தில் முக்குளித்துப் பாசியைப் பறித்து வருவது அதை வைத்துத்தான். தாழைக்கோழிக்கு மடலும் இல்லை, சவ்வும் இல்லை. பச்சையும் மஞ்சளும் கலந்த கால், நீள நீளமான விரல்கள், ஆகாயத்தாமரை மேல் அமிழாமல் நடக்க அவை போதும். அதனால்தான் ஆள் அரவம் கேட்டால் தாழைக்கோழி கோரைக்குள் நுழையும், நாமக்கோழி கும்பலோ தண்ணீர்மேல் சளசளவென்று ஓடி நடுக்குளத்துக்குப் போய்விடும். வெளிச்சத்துக்கு எதிரே நிறமே தெரியாத காலை நேரத்தில் நான் இதை வைத்துத்தான் பிரிக்கிறேன்.

'தாழைக்கோழி', 'நாமக்கோழி' என்று பெயரிலேயே பாதி அடையாளத்தை வைத்துப் போயிருக்கிறார்கள், அதை விட்டுவிட்டு 'நீர் வாத்து' என்று பொதுவாகப் போடுவதில்தான் எனக்கு வருத்தம். பள்ளிப் பிள்ளைகள் உங்கள் படங்களை வெட்டி ஒட்டுகிறார்கள், என் அண்ணன் மகளும் ஒட்டிவிட்டாள், நேற்றுதான் பேனாவால் அடித்துத் திருத்தினோம். வரும் ஞாயிறு ஒரு வரித் திருத்தம் போடுங்கள். முடிந்தால் கரையேறி நிற்கும் நாமக்கோழியின் படம் ஒன்றையும் சேருங்கள், காலை வெட்டிவிடாமல்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோவை.