சாதியாத் தீவைப் பற்றி, பினாங்கிலிருந்து

அன்புள்ள சேகர்,

நலமா? இங்கே எல்லோரும் நலம். அபுதாபியிலிருந்து நீ அனுப்பிய படங்களை வீட்டில் எல்லோரும் பார்த்தோம். லூவர் அருங்காட்சியகத்தின் கூரைதான் என்னை அசத்திவிட்டது. 180 மீட்டர் அகலக் குவிமாடம், 7,850 நட்சத்திரங்கள், எட்டு அடுக்கு, அத்தனையையும் தாண்டி வெயில் துளித்துளியாக இறங்குகிறது. ஈச்ச மட்டைகளின் ஊடே விழும் வெளிச்சம்தான் அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ழான் நூவெலுக்கு மனதில் இருந்ததாம்.

அது நிற்கும் சாதியாத் போன்ற ஆளில்லாத மணல்தீவில் அருங்காட்சியகங்களை வரிசையாகக் கட்ட வேண்டுமென்று ஓர் அரசு நினைத்ததே பெரிய விஷயம். 2007இல் பிரான்சுடன் ஒப்பந்தம் போட்டு, பாரிஸ் அருங்காட்சியகத்தின் லூவர் என்ற பெயருக்கு மட்டும் 40 கோடி யூரோ கொடுத்தார்கள். எண்ணெய்ப் பணம் கலைக்குப் போகட்டும், எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் அதைக் கட்டியவர்களை மறக்க முடியவில்லை, சேகர். ஏஜெண்டுக்குக் கொடுக்கக் கடன் வாங்கி வந்தவர்கள், பாஸ்போர்ட்டை முதலாளியிடம் விட்டுவிட்டு வேலை செய்தார்கள் என்று 2009இலேயே மனித உரிமைக் கண்காணிப்பகம் எழுதியது. 2011இல் நூற்றுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் அங்கே வரவிருந்த குகன்ஹைம் அருங்காட்சியகத்தைப் புறக்கணிப்போம் என்றார்கள். அப்புறம்தான் தொழிலாளர் நிலையைக் கண்காணிக்க வெளியாரை அமர்த்தினார்கள். அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் நம் தெற்காசியர்கள்.

நம்ம ஊரிலும் இதே கதைதானே. பினாங்கில் சாலை போட்டவர்களில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளும் உண்டு. துறைமுகத்தில் மூட்டை சுமந்த தமிழர்கள் கும்பிட்ட குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோவில் 1833இலிருந்து நிற்கிறது. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் நம்ம பினாங்கு ஜார்ஜ்டவுன் சேர்ந்தபோது நானும் பெருமைப்பட்டேன். அதற்குள் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், பழைய குடித்தனக்காரர்கள் பலர் வெளியேறியிருந்தார்கள். கடைவீடுகள் மிஞ்சின, அவற்றில் வாழ்ந்தவர்கள் போய்விட்டார்கள். தீவில் அருங்காட்சியகம் எழுப்பும் எவரும் முதல் அறையைச் சுமை தூக்கியவனுக்கு ஒதுக்க வேண்டும். அவன் ஊர், அவன் கூலி, அவன் கடன் எல்லாம் அங்கே எழுதியிருக்க வேண்டும். ஓவியங்கள் அடுத்த அறையில் இருக்கட்டும்.

மறுபடியும் சாதியாத் போனால் கட்டியவர்களைப் பற்றி எங்காவது ஒரு பலகையாவது வைத்திருக்கிறார்களா என்று பார்த்து எழுது. தைப்பூசத்துக்கு வருவதாகச் சொன்னாயே, லீவு கிடைத்துவிட்டதா? இரவு வெள்ளி ரதத்தோடு தண்ணீர்மலை வரை நடக்கலாம். டிக்கெட் எடுத்ததும் தகவல் சொல், விமான நிலையத்துக்கு நானே வருகிறேன்.

அன்புடன்,
மணியம்