புல்ஸ்நிட்ஸில் பார்க்க ஒன்றுமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பின் ஜெர்மனிப் பயணக் கட்டுரையில் சாக்சனியின் புல்ஸ்நிட்ஸுக்கு ஒரே வரி. மிளகு போட்ட கேக் விற்கிறார்களாம், வேறு பார்க்க எதுவும் இல்லையாம். படித்து இரண்டு நாளாகியும் மனம் ஆறவில்லை.

ஃபெஃபர்கூகன், அதாவது 'மிளகு கேக்' என்ற பேரில்தான் மிளகு இருக்கிறது. கடல் கடந்து வந்த வாசனைச் சரக்கு எல்லாவற்றையும் அங்கே அன்று மிளகு என்றே சொன்னார்கள். மாவில் சேர்வது பட்டை, கிராம்பு, சோம்பு, கொத்தமல்லி, ஏலம். அவ்வூர் ரொட்டிக்காரர்கள் இதைச் சுடும் உரிமையை 1558-இல் பெற்றார்கள். தேனையோ சர்க்கரைப் பாகையோ காய்ச்சி, ஆறியதும் மாவு மட்டும் போட்டுப் பிசைந்து, குளிர்ந்த அறையில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வைப்பார்கள். நெய், வெண்ணெய் எதுவும் கிடையாது. மாவு இறுகி, லேசாகப் புளிப்பேறும். பிறகுதான் மசாலாவும், மாவை உப்பவைக்கும் பொட்டாஷும் அம்மோனியம் கார்பனேட்டும். பொட்டாஷ் அந்தப் புளிப்போடு சேர்ந்துதான் வாயுவைக் கிளப்பும். ஊறாத மாவில் போட்டால் சரியாக உப்பாது. அம்மோனியம் கார்பனேட்டோ தட்டையான பண்டத்துக்கே பொருந்தும். தடிமனாகத் தட்டினால் நெடி உள்ளேயே தங்கிவிடும். இத்தனை பக்குவத்தையும் 'மிளகு கேக்' என்று தள்ளிவிடலாமா?

வைமாரில் ஜெர்மன் கவிஞர்கள் கதேயும் ஷில்லரும் ஒரே மாலையைப் பிடித்து நிற்கும் சிலையை வடித்த எர்ன்ஸ்ட் ரீட்செல், 1804-இல் பிறந்தது இந்த ஊரில். மரக்கட்டையால் பசையை அச்சிட்டு, அவுரி நீலத்தில் முக்கி, பசையைக் கழுவினால் வெள்ளைப் பூக்கள் எழும் துணியும் இங்கே உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, தரங்கம்பாடிக்கு வந்த கிறித்தவ மதபோதகர் சீகன்பால்கு 1682 ஜூலை 10 அன்று பிறந்த ஊர் இது. தமிழ் வாசகருக்கு எழுதுகிற கட்டுரையில் அந்தப் பேரே இல்லை! உங்கள் பக்கங்களில் அவர் ஒருமுறை டென்மார்க்காரர் ஆனார். அவரை அனுப்பியவர்தான் டென்மார்க் அரசர், சீகன்பால்கு ஜெர்மானியர். இன்னொருமுறை ஹாலேயில் பிறந்தார். அது அவர் படித்த ஊர். தமிழின் முதல் அச்சு நூலும் அவருடையது என்றீர்கள். 1578-லேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியில் இவர் அச்சிட்டு 1715-இல் முடித்தது தமிழ்ப் புதிய ஏற்பாடு. அந்தப் பெருமை போதாதா அவருக்கு? அப்போதெல்லாம் எழுதிய கடிதங்களுக்கு இடமில்லாமல் போயிற்று.

அடுத்த ஞாயிறு, சீகன்பால்கு பிறந்த ஊரையும் தேதியையும் சொல்லி இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்