மரச் சரக்கைக் கூரைக்குக் கீழே திறந்து பாருங்கள்

துறைமுகத்தில் ஏற்றுமதிச் சரக்குச் சோதனைக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

ஏற்றுமதிக்குப் போகிற எந்தச் சரக்கையும் திறந்து பார்க்க உங்களுக்கு அதிகாரம் உண்டு. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் அதைத் தெளிவாகவே தந்திருக்கிறது. சோதனை எதற்கு என்று ராமநாதபுரம் கடற்கரையில் பிறந்த ஒருவனுக்கு யாரும் விளக்க வேண்டியதும் இல்லை. கடல் அட்டையும் பீடி இலையும் சமையல் மஞ்சளும் பிடிபட்ட செய்தி எங்கள் பகுதிக்குப் புதிதல்ல. ஆகவே வெளிநாட்டுக்கு மர அறைகள் செய்து அனுப்பும் எங்கள் பட்டறையின் கன்டெய்னரைத் திறந்தது ஏன் என்று கேட்க நான் எழுதவில்லை. மழை கொட்டும் பருவத்தில், கூரையில்லாத இடத்தில் திறந்தது ஏன் என்று கேட்கவே எழுதுகிறேன்.

நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. சுங்க வேலைகளை எங்களுக்காகப் பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட் எழுதிய கடிதங்களும் அதில் இருக்க வேண்டும். போன ஐப்பசியில், ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டிய நாற்பதடி கன்டெய்னர் ஒன்று முழுச் சோதனைக்கென்று நிறுத்தப்பட்டது. சரக்குப் பெட்டக நிலையத்தின் யார்டில், வானம் கறுத்திருந்த மதிய வேளையில், கதவைத் திறந்து சுவர்ப் பலகைக் கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கித் தரையில் வைத்தார்கள். பாதி இறக்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மூடுவதற்குத் தார்ப்பாய் கேட்டார் எங்கள் ஆள், இல்லை என்றார்கள். கிடங்குக்குள் இடம் கேட்டார். அது இறக்குமதிச் சரக்குக்கு என்றார்கள். சோதனையில் எதுவும் அகப்படவில்லை. மறுநாள் ஈரத்தோடு ஈரமாக எல்லாவற்றையும் திரும்ப ஏற்றி, புது சீல் வைத்து அனுப்பினார்கள். இறக்கிய கூலியையும் ஏற்றிய கூலியையும் எங்களிடமே வாங்கினார்கள்.

பிளாஸ்டிக் உறை நன்றாகச் சுற்றியிருந்தால் நனைந்திருக்காதே என்று அங்கிருந்த இளம் அதிகாரி ஒருவர் கேட்டாராம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் கஷ்டம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

மரத்தின் விஷயத்தில் ஆஸ்திரேலியா மிகக் கண்டிப்பான நாடு. பூச்சி, மரப்பட்டை, மண் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. அதற்காக மரத்தை ஏற்றிய பிறகு, பூச்சியைக் கொல்லும் மீதைல் புரோமைடு வாயுவால் புகையூட்டுகிறோம். அந்த வாயு பிளாஸ்டிக் உறையைத் தாண்டி உள்ளே சரியாகப் போகாது. எனவே புகையூட்டுவதற்கு முன் உறையைக் கீறிவிட வேண்டும் என்பது விதி. பலகைக் கட்டுகளுக்கு நடுவே குச்சி வைத்துக் காற்றோட்டத்துக்கு இடைவெளியும் விடுகிறோம். அதன் பிறகு அந்த மரத்துக்குக் கன்டெய்னரின் இரும்புச் சுவரைத் தவிர வேறு காப்பு கிடையாது. ஒரு விதிக்குக் கட்டுப்பட்டு நாங்கள் உறையைக் கிழிக்கிறோம். இன்னொரு விதியின்படி நீங்கள் கதவைத் திறக்கிறீர்கள். இரண்டும் தனித்தனியே சரியான விதிகள்தாம். இரண்டையும் நாங்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்தோம். கடைப்பிடித்ததனால்தான் சரக்கு நனைந்தது. உறையைக் கீறாமல் ஏமாற்றி அனுப்பியிருந்தால் மரம் தப்பியிருக்கும். நேர்மையாகத் தொழில் செய்பவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் என்ன இருக்கிறது? இந்த இடத்தில் கடுமையான சொற்கள் வருகின்றன; உங்கள் பதவிக்குரிய மரியாதையை நினைத்து அவற்றை எழுதாமல் விடுகிறேன்.

மரம்தானே, வெயிலில் வைத்தால் காய்ந்துவிடும் என்றும் சொன்னார்களாம். அந்தக் கன்டெய்னரில் இருந்தவை விறகோ தூணோ அல்ல, பிரித்து அடுக்கிய சௌனா அறைகள். பின்லாந்துக்காரர்களின் வெப்பக் குளியல் அறை அது. நான்கு மரச்சுவர், உட்கார மரப் பெஞ்சு, மூலையில் அடுப்பு, அடுப்பின் மேல் கற்கள். சூடேறிய கல்லில் தண்ணீர் தெளித்தால் ஆவி எழும். உள்ளே வெப்பம் 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை போகும். ஏறத்தாழ 55 லட்சம் மக்கள் வாழும் பின்லாந்தில் 30 லட்சம் சௌனாக்களாவது இருக்கும் என்பார்கள். அந்தப் பண்பாட்டை 2020இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இன்று வளைகுடா ஓட்டல்களும் மாலத்தீவு விடுதிகளும் அதைக் கேட்கின்றன, ஆஸ்திரேலியாவில் வீட்டுக் கொல்லையிலும் வைத்துக்கொள்கிறார்கள்.

அவ்வளவு சூட்டில் வெற்றுடம்போடு உட்காரும் இடம் அது. பிசின் கசியும் மரம் ஆகாது. ஒரு திருகாணித் தலை வெளியே தெரிந்தாலும் தோல் வெந்துவிடும். பெஞ்சுப் பலகையை அடியிலிருந்துதான் முடுக்குகிறோம். ஹெம்லாக், ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்களின் பலகைகளைச் சூளையில் உலர்த்தி, ஈரப்பதம் 10 அல்லது 12 சதவீதத்துக்கு இறங்கிய பிறகே இழைப்புக்கு எடுக்கிறோம். ஒரு பலகையின் விளிம்பில் நாக்கு, அடுத்த பலகையின் விளிம்பில் காடி. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு தாள்கூட நுழையக் கூடாது.

மரம் நீளவாக்கில் அதிகம் உப்பாது, அகலவாக்கில் உப்பும். 2 மீட்டர் உயரச் சுவருக்கு 90 மில்லிமீட்டர் பலகை 22 வேண்டும். ஒவ்வொன்றும் 1 மில்லிமீட்டர் உப்பினாலும் சுவர் 2 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்துவிடும். அதன் பிறகு கதவுச் சட்டம் பொருந்தாது, கூரைப் பலகை உட்காராது, நாக்கு காடியில் இறங்காது. படகு கட்டும் தச்சர்களான எங்கள் ஓடாவிகளுக்கு இந்த உப்பல் புதிதல்ல. வள்ளம் கட்டும்போது அதையே நம்பித்தான் பலகை சேர்ப்பார்கள். கடலில் இறங்கியதும் பலகை தண்ணீர் குடித்து உப்பி இடுக்கு அடைபடும். அதே தண்ணீர் சௌனாவுக்குள் போனால் அத்தனை வேலையும் பாழ்.

நனைந்ததோடு அது முடியவும் இல்லை. ஈர மரத்தை இரும்புப் பெட்டிக்குள் அடைத்தால் பகல் வெயிலில் ஈரம் ஆவியாகி, இரவில் கூரைத் தகட்டில் படிந்து, மறுபடியும் மரத்தின் மேலேயே சொட்டும். ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டிய மரத்தில் பூஞ்சை பிடிக்கும். கொழும்பில் கப்பல் மாறி, வாரக்கணக்கில் கடலில் கிடந்து, ஆஸ்திரேலியாவில் கதவைத் திறந்தபோது உட்சுவர்ப் பலகைகளில் கரும்புள்ளி பரவியிருந்தது. வாங்கியவர் படங்களை அனுப்பினார். கோபமாக ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த ஆர்டரை வேறு நாட்டுக்குக் கொடுத்துவிட்டதாக மட்டும் எழுதினார்.

காப்பீட்டுக்காரர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: மழையில் திறந்து கிடந்தது என்பதற்கு ஒரு சான்று. தேதி, நேரம், கன்டெய்னர் எண், மழை பெய்தது. இவ்வளவுதான் வேண்டியது. நிலையத்தில் கேட்டால் அதிகாரியிடம் கேளுங்கள் என்கிறார்கள். அதிகாரியிடம் கேட்டால் நிலையம்தான் தர வேண்டும் என்கிறார். பெய்த மழையைப் பெய்தது என்று எழுதித் தர ஆள் இல்லை.

மழை யாருடைய கையிலும் இல்லை என்று எங்களுக்குப் பதில் வந்தது. உண்மைதான். ஆனால் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இந்தக் கரையில் மழை பெய்யும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரம் 40 சென்டிமீட்டருக்கு மேல் வாங்கியது. இப்படிப்பட்ட கரையில் ஏற்றுமதிச் சரக்கைத் திறந்து பார்க்கும் இடத்துக்குக் கூரை இல்லை என்றால், அந்தக் குறையை மழையின் மேல் போட முடியாது.

எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். மரச் சரக்கைக் கூரைக்குக் கீழே திறந்து பாருங்கள். பெரிய கட்டடம் கேட்கவில்லை. ஒரு கன்டெய்னரை நிறுத்தி, அதில் உள்ளதை இறக்கி வைக்கிற அளவுக்கு நீளமான தகரக் கொட்டகை, தண்ணீர் தேங்காத உயர்ந்த தளம், அவ்வளவுதான். அதற்குக் கட்டணம் வைத்தால் கொடுக்கிறோம். நனைந்த சரக்குக்கே கூலி கொடுத்தவர்கள் நனையாத சரக்குக்குக் கொடுக்க மாட்டோமா?

கொட்டகை வரும்வரை வேறு வழியும் இருக்கிறது. தொழிற்சாலையிலேயே சரக்கை ஏற்றி மின்னணு முத்திரை வைக்கும் சுய முத்திரை முறை 2017 முதல் நடப்பில் இருக்கிறது. அந்தக் கன்டெய்னரையும் நாங்கள் அப்படித்தான் ஏற்றினோம். எங்கள் மேல் சந்தேகம் இருந்தால் ஏற்றுகிற அன்று பட்டறைக்கே வந்து பாருங்கள். ஒவ்வொரு பலகையையும் புரட்டிப் பாருங்கள், பெஞ்சுக்கு அடியில் கை விட்டுப் பாருங்கள். பிறகு உங்கள் கண் முன்னாலேயே முத்திரை வைக்கிறோம். அதுவும் முடியாதென்றால், கனமழை எச்சரிக்கை உள்ள நாளில் மரக் கன்டெய்னரைத் திறக்காமல் தள்ளி வையுங்கள். தள்ளி வைத்த நாட்களுக்கு யார்டு வாடகை போடாதீர்கள்.

ஒரு சிறு பட்டறைக்கு இவ்வளவு சலுகையா என்று தோன்றலாம். எங்கள் பட்டறையில் வேலை செய்பவர்கள் யார் என்று சொல்கிறேன். மண்டபத்திலும் பாம்பனிலும் தொண்டியிலும் தலைமுறை தலைமுறையாக மரப்படகு கட்டிய குடும்பங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. வள்ளம் கட்டுவது குறைந்தது. பாக் நீரிணையின் இழுவைப் படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடல் படகு என்று 2017இல் திட்டம் வந்தது. அந்தப் புதுப் படகுகளிலும் பழைய ஓடாவிக்கு வேலை இல்லை. உளி பிடித்த கைகள் கட்டட வேலைக்குச் சாந்து சுமக்கப் போயின. துபாயில் வேலை பார்க்கும் கீழக்கரை நண்பர் ஒருவர் ஓர் ஓட்டலுக்கு மர அறை வேண்டும் என்று கேட்டபோது, அந்தக் கைகளை நம்பித்தான் ஒத்துக்கொண்டேன். வளைந்த பலகையைக் கண்ணாலேயே அளந்து சேர்க்கிறவர்களுக்கு நேர்ச்சுவர் ஒரு வேலையே இல்லை. பூஞ்சை பிடித்த அந்தப் படங்களை அவர்களிடம் காட்டியபோது மூத்தவர் ஒருவர் கேட்டார்: நம் வேலையில் என்ன தப்பு? தப்பே இல்லை என்று சொன்னேன். அப்படியானால் ஏன் ஆர்டர் போயிற்று என்ற அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் உங்களிடம் இருக்கிறது.

2018இல் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று நிதி ஆயோக் ஒரு பட்டியல் போட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை விருதுநகரும் ராமநாதபுரமும்தான். அதன் பிறகு எங்கள் மாவட்டத்தில் கூட்டங்களுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு மாவட்டமும் ஏற்றுமதி மையமாக வேண்டும் என்று பேசுகிறார்கள். கடன் வாங்கச் சொல்கிறார்கள், இயந்திரம் வாங்கச் சொல்கிறார்கள், வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போகச் சொல்கிறார்கள். எல்லாம் செய்து, பொருளும் உருவாகி, வாங்க ஆளும் கிடைத்த பிறகு, கப்பலுக்குச் சில நூறு மீட்டர் தொலைவில் அதை மழையில் போடுகிறார்கள். கப்பல் உருவம் கீறிய பானை ஓடு கிடைத்த அழகன்குளம் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடல் கடந்து வணிகம் செய்த கரை இது. எங்களுக்கு ஏற்றுமதி தெரியாது என்று எந்தக் கூட்டத்திலும் இனி யாரும் சொல்ல வேண்டாம்.

பொறுத்துக்கொள்ளுங்கள். இவற்றில் பல உங்கள் மேசைக்கு உரியவை அல்ல என்று எனக்குத் தெரியும். கொட்டகை உங்கள் மேசைக்கு உரியது. மழை பெய்ததற்கான சான்றும் அப்படியே. போன சரக்குக்கு நஷ்டஈடு கேட்டு நான் வழக்குப் போடவில்லை. அந்தச் சான்றை மட்டும் தந்தால் காப்பீட்டில் பார்த்துக்கொள்வேன். அடுத்த பருவமழைக்குள் மரச் சரக்கைக் கூரைக்குக் கீழே திறக்க ஏற்பாடு செய்யுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மாலத்தீவிலிருந்து ஓர் ஆர்டர் வந்திருக்கிறது. அது புரட்டாசிக் கடைசியில் கிளம்ப வேண்டும். கூரைக்கு வழி உண்டா, இல்லையா என்று அதற்குள் எழுத்தில் ஒரு பதில் தந்தால், ஆர்டரை ஏற்பதா விடுவதா என்று எங்கள் ஆட்களிடம் சொல்ல வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் பதிலை எதிர்பார்க்கும்
மரப் பட்டறைக்காரன்,
ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை