பால் கவர் எந்தத் தொட்டிக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குப்பையைப் பிரித்துத் தாருங்கள் என்று குப்பை வண்டியின் ஒலிபெருக்கி அன்றாடம் கேட்டுக்கொள்கிறது. வீட்டுக் கழிவை மக்குவது, மக்காதது, அபாயகரமானது என மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்பதை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் வலியுறுத்தின. பிரிப்பதற்கு மக்கள் மறுப்பதில்லை. பால் கவரைக் கழுவ வேண்டுமா, சிப்ஸ் பாக்கெட் எதில் சேரும், ஜூஸ் டப்பா காகிதமா பிளாஸ்டிக்கா என்று அவர்கள் கேட்கும்போது விடை சொல்லத்தான் ஆள் இல்லை.

பால் கவர் மறுசுழற்சிக்கு நன்கு ஏற்ற பாலித்தீன். ஆனால் உள்ளே பால் ஒட்டியிருந்தால் மறுநாளே புளித்து நாறி, உடன் இருக்கும் காகிதத்தையும் கெடுத்துவிடுவதால், அந்த மூட்டையைப் பிரிக்க எவருக்கும் மனம் வராது. இதற்கென நல்ல தண்ணீரைச் செலவிடத் தேவையில்லை. அரிசி களைந்த நீரில் ஒருமுறை அலசிக் கொடியில் உலர்த்தினால் போதும். கவரின் மூலையை முழுவதும் துண்டித்துவிடாமல், கத்தரியைச் சற்று முன்னதாக நிறுத்திக்கொள்வது நல்லது. துண்டாகிப்போன அந்தச் சிறு முக்கோணம் சாக்கடைக்கோ, காய்கறிக் கழிவோடு கலந்து உரக்குழிக்கோ போய்விடுகிறது. அவ்வளவு சிறிய துண்டைத் தேடி யாரும் பொறுக்குவதில்லை.

சிப்ஸ் பாக்கெட்டைப் பழைய பேப்பர் கடைக்காரர் தொடுவதே இல்லை. பிளாஸ்டிக் படலங்களும் உலோகப் பூச்சும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருப்பதால், சேகரித்தாலும் அது பெரும்பாலும் சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாகவே போகிறது. இதை மறுசுழற்சி என்று அழைப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். ஜூஸ் டப்பாவிலும் அட்டை, பாலித்தீன், அலுமினியம் ஆகியவை அடுக்கடுக்காக உள்ளன என்றாலும், அவற்றைப் பிரித்தெடுக்கும் ஆலைகள் இருப்பதால் அலசித் தட்டையாக்கி மக்காத குப்பையில் சேர்க்கலாம். எண்ணெய் ஊறிய பார்சல் காகிதமும், கடை ரசீதுக்கான வழவழப்பான வெப்பத்தாளும் பழைய காகிதத்தோடு சேரக் கூடாது.

ட்யூப்லைட்டிலும் சிஎஃப்எல் விளக்கிலும் பாதரசம் இருக்கிறது. அவற்றையும் தீர்ந்துபோன பேட்டரி, காலாவதியான மாத்திரை ஆகியவற்றையும் தனியே கொடுக்க வேண்டும். உடைந்த கண்ணாடியைப் பல மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி, மேலே ‘கண்ணாடி’ என்று எழுதித் தந்தால் தூய்மைப் பணியாளரின் கை கிழியாது.

இத்தனை விவரத்தையும் ஒலிபெருக்கியில் சொல்லிவிட முடியாது என்பது உண்மையே. ஆனால் எந்தப் பொருள் எதில் சேரும் என்ற பட்டியலைப் படங்களுடன் அச்சிட்டு, குப்பை வண்டியிலும் நியாயவிலைக் கடைகளிலும் ஒட்டுவதற்கு உள்ளாட்சி அமைப்புகளுக்குப் பெரிய செலவு ஆகாது. மேலும், காலி மது பாட்டிலைத் திருப்பித் தந்தால் 10 ரூபாய் என்ற ஏற்பாடு 2022இல் நீலகிரியில் நடைமுறைக்கு வந்தது. அது போல, கழுவி உலர்த்திய பால் கவருக்கும் பால் பூத்திலேயே ஒரு சிறு தொகை கொடுக்க அரசு முன்வர வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, நாங்கள் பிரித்துக் கொடுப்பதை ஒரே வண்டியில் ஒன்றாகக் கொட்டும் வழக்கம் எங்கெல்லாம் தொடர்கிறதோ, அங்கெல்லாம் அதை உடனே நிறுத்துமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
சென்னை.