ஓவிய வகுப்புக்கு ஒரு வலைத்துண்டு கொடுத்தனுப்புங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பள்ளி திறந்து புத்தகம், நோட்டு எல்லாம் கொடுத்து முடித்துவிட்டோம். ஓவிய வகுப்புக்கு என்ன வாங்கித் தர வேண்டும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கலர் பென்சில் பெட்டி, அச்சு அட்டை, கோலப் புத்தகம் எதுவும் வேண்டாம். கட்டம் போட்ட நோட்டு ஒன்று, பென்சில், அழிப்பான். மீதி எல்லாம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

இந்தப் பருவம் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகளுக்கு டிசைன் வரையக் கற்றுக்கொடுக்கப் போகிறோம். வீட்டில் புழங்கும் ஒரு பொருளை எடுத்து, அதில் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்து, அந்த ஒரு துண்டைக் கட்ட நோட்டில் வரைந்து, பக்கம் முழுக்கப் பரப்ப வேண்டும். இவ்வளவுதான் பாடம். இது ஏன் தேவை என்றால், படம் வரையச் சொன்னால் முக்கால்வாசிப் பிள்ளைகள் இரண்டு மலையும் நடுவே ஒரு சூரியனும் வரைகிறார்கள். நம் கடற்கரையில் மலை எங்கே இருக்கிறது? பனையும் உடைமரமும் மணலும்தான். டிசைன் என்றால் அம்மாவின் செல்போனை வாங்கித் தேடி, வந்ததைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டு வருகிறார்கள். கோடு சுத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதில் பிள்ளை கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை.

மீன் வலையில் இருந்து தொடங்கலாம் என்று இருக்கிறோம். ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிறவர்கள் கரையில்தான் இருக்கிறீர்கள், வலை வேலையும் நடக்கிறது. கிழிசலில் வெட்டிப் போட்ட வலைத்துண்டு, ஒரு முழ அளவு இருந்தால் போதும். அதைத் தரையில் விரித்து லேசாக இழுத்தால் ஒவ்வொரு கண்ணும் சாய்சதுரமாக நிற்கும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் கண் ஒடுங்கி நீளும். குறுக்கே இழுத்தால் அகலும். ஆனால் முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவே உள்ள நூலின் நீளம் மாறவே மாறாது, கோணம் மட்டும்தான் மாறுகிறது. எட்டாம் வகுப்பில் சாய்சதுரத்துக்கு நான் கரும்பலகையில் வரைந்து விளக்குவதை, வலையில் கைவைத்தவர்கள் தினமும் பார்க்கிறார்கள். ஒரே வலையை மூன்று விதமாக இழுத்துவைத்து வரைந்தால் மூன்று டிசைன் கிடைக்கும். கிழிந்த இடத்தையும் விடாமல் வரையச் சொல்லியிருக்கிறேன். ஒழுங்கு எங்கே உடைகிறது, தைத்தவர் அதை எப்படித் திரும்பப் பிடித்தார் என்பது அங்கேதான் தெரியும். அப்பாக்களும் தாத்தாக்களும் பத்து நிமிடம் ஒதுக்கி, கண் எல்லாம் ஒரே அளவாக வர என்ன செய்வீர்கள் என்று பிள்ளைக்குக் காட்டுங்கள். நாங்கள் சொல்லிக்கொடுப்பதைவிட அது நன்றாகவே இருக்கும்.

அடுத்தது ஓலைப்பெட்டி. சாயல்குடி பக்கம் சொந்தக்காரர்கள் இருக்கும் வீடுகளில் கருப்பட்டி வந்த கொட்டானாவது கிடக்கும். ஓர் ஓலை மேலே, அடுத்தது கீழே என்று மாறி மாறிப் போனால் சதுரங்கப் பலகைக் கட்டம் வரும். இரண்டின் மேல், இரண்டின் கீழ் என்று போய், ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் ஓலை தள்ளித் தொடங்கினால் அதே ஓலையில் சாய்வாகப் படிக்கட்டு ஏறும். நடுவில் ஒரு சாய ஓலையைச் சேர்த்துப் பின்னியிருந்தால் அது எங்கெங்கே தலைகாட்டுகிறது என்று எண்ணிப் பார்ப்பது ஏழாம் வகுப்புக்கு நல்ல வேலை. பின்னத் தெரிந்த பாட்டி யாராவது ஒரு மதியம் பள்ளிக்கு வந்து காட்ட முடியும் என்றால் தகவல் அனுப்புங்கள். வாசல் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுவிடலாம்.

கைலிக் கட்டம், சுளகு, இடியாப்பத் தட்டு, அடுப்பின் பர்னர், அரிசிச் சாக்கு, தொழுகைத் தொப்பியின் நூல் பின்னல், ஜெபமாலை, சமைக்க வாங்கிய மீனின் செதில் எதுவானாலும் சரி. கைலியை மட்டும் கொஞ்சம் கவனித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டே நிற நூல்தான் ஓடும், ஆனால் அவை குறுக்கிடும் கட்டத்தில் மூன்றாவதாக ஒரு நிறம் கண்ணுக்குத் தெரியும். தொப்பியில் டிசைன் வரிசையாகப் போகாது, நடுவில் தொடங்கி வட்டம் வட்டமாக வளரும். அதற்குக் கட்ட நோட்டு உதவாது, காம்பஸ் எடுக்க வேண்டும்.

கோலம் போடுகிற வீடுகளில் அதையும் தாராளமாக வரையலாம். எல்லா வீட்டிலும் கோலம் இருக்காது என்பதால் அதைக் கட்டாயமாக்கவில்லை. அப்புறம், "கோலம் பொம்பளப் பிள்ளைங்க வேலை சார்" என்று ஒரு பையன் சொன்னான். வலையில் கண் எண்ணுகிற கையும் கோலத்தில் புள்ளி எண்ணுகிற கையும் செய்வது ஒரே கணக்குதான் என்று அவனிடம் சொன்னேன். அவன் முகத்தைப் பார்த்தால் நம்பிய மாதிரி தெரியவில்லை.

இதெல்லாம் படிப்பைக் கெடுக்காதா என்று கேட்கிறவர்களுக்கு: சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1970களில் நம் ஊர்க் கோலங்களை எடுத்து, அவை உருவாகும் விதிகளைக் கணினி அறிவியலுக்கான இலக்கணமாக எழுதினார்கள். நான் கணக்கு வாத்தியார், அதனால் என் ஆசையும் இதில் இருக்கிறது. பழைய காலண்டர் அட்டையில் ஒரே அளவாகச் சம பக்க முக்கோணமோ, சதுரமோ, ஒழுங்கு அறுகோணமோ வெட்டினால் இடைவெளி இல்லாமல் தரையை நிரப்பலாம். ஒழுங்கு ஐங்கோணம் வெட்டினால் நிரப்ப முடியாது. அதன் ஒரு மூலை 108 பாகை. ஒரு புள்ளியைச் சுற்றி மூடுவதற்கு 360 பாகை வேண்டும்; மூன்றைச் சேர்த்தால் 324 ஆகும், 36 பாகைக்கு ஒரு சந்து மிஞ்சும். பிள்ளைகள் இதை முதலில் கையால் முட்டி மோதிப் பார்க்கட்டும், சூத்திரம் அப்புறம்.

ராமேஸ்வரம் பிரகாரத் தூண் வரிசைக்கு அழைத்துப்போனால் என்ன என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒருவர் கேட்டார். போகலாம், அரையாண்டுத் தேர்வு முடியட்டும்.

இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிள்ளை வரைவது கோணலாக இருந்தாலும் நீங்கள் பென்சிலை வாங்கித் திருத்திக் கொடுக்காதீர்கள். அக்கா வரைந்ததா, தம்பி வரைந்ததா என்று ஓவிய ஆசிரியருக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். இன்னொன்று, கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் பவளத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை எதையும் பள்ளிக்குக் கொடுத்துவிட வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வைத்திருப்பதே குற்றம். காய்ந்து செத்ததற்கும் அதே சட்டம்தான். கத்தி, அரிவாள்மனை, கண்ணாடிச் சாமான், தூண்டில் முள் இவையும் வேண்டாம்.

பொருளை வெள்ளிக்கிழமை காலை அனுப்பிவையுங்கள். பெயரும் வகுப்பும் எழுதிய காகிதத்தை அதில் கட்டிவிடுங்கள், அன்று மாலையே பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்துவிடுவோம். இடியாப்பத் தட்டு மட்டும் இரண்டு மூன்று வீட்டுக்கு மேல் வேண்டாம், அன்று உங்களுக்கே தேவைப்படும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்