கலைஞரின் சட்டமன்ற உரைகளின் படிகள் கோரி மனு

அனுப்புநர்:
பொறுப்பாளர், தமிழ்ப் படிப்பகம்,
தாராவி, மும்பை.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
தமிழ்நாடு சட்டமன்றப் பேரவைச் செயலகம்,
புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை – 600 009.

பொருள்: குடிசைவாழ் மக்களின் வீட்டுவசதி குறித்து முன்னாள் முதல்வர் மு. கருணாநிதி அவர்கள் பேரவையில் ஆற்றிய உரைகளின் படிகள் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாராவி தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சந்தில், ஏணி வழியே ஏறும் மாடி அறையில் எங்கள் படிப்பகம் இயங்கிவருகிறது. வாசகர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பத்தினர்.

1957-இல் குளித்தலையில் வென்றது முதல் 2016-இல் திருவாரூரில் வென்றது வரை, போட்டியிட்ட 13 சட்டமன்றத் தேர்தல்களிலும் கலைஞர் தோற்றதில்லை. ஐந்து முறை முதல்வராகப் பொறுப்பேற்றார். அந்த வெற்றிக் கணக்கைவிட எங்களுக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. நங்கவரம் விவசாயிகளுக்காகக் குரல் கொடுத்த எதிர்க்கட்சி உறுப்பினராகவும், 1967-இல் பொதுப்பணித்துறை அமைச்சராகவும், 1969 முதல் முதல்வராகவும், 1977-க்குப் பின் எதிர்க்கட்சித் தலைவராகவும் அதே அவையில் இருந்தவர் என்பதால், அரசை நோக்கி அவர் எழுப்பிய கேள்விகளையும், அரசாக நின்று அவர் அளித்த பதில்களையும் அருகருகே வைத்துப் படிக்க அவைக்குறிப்புகளில் வழியிருக்கிறது.

அவரது ஆட்சியில் 1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது; 1971-இல் குடிசைப் பகுதிகளுக்கான சட்டம் வந்தது. மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு எண்கள் கதவுகளில் எழுதப்பட்டிருக்கும் தாராவியில், இது எங்களுக்குப் பழங்கதை அல்ல. சென்ற மாதம் பெரியவர் ஒருவர் தம் வீட்டுக் கதவு எண்ணைத் துண்டுத்தாளில் எழுதி எடுத்துவந்து, "மெட்ராசுல குடிசைக்குப் பதிலா வீடு கொடுத்தப்போ கலைஞர் சபையில என்ன சொன்னாரு, படிச்சுக் காட்டுங்க தம்பி" என்றார். எங்களிடம் இருந்தவை பிறந்தநாள் மலர்கள் மட்டுமே. ஒவ்வொன்றாகப் புரட்டினேன்; அவர் கேட்டதற்கு அவற்றில் ஒரு வரிகூட இல்லை.

ஆகவே, அவ்வாரியம், அச்சட்டம் பற்றிய விவாதங்களில் 1970, 1971 ஆண்டுகளுக்குரிய அவைக்குறிப்புகளின் படிகளை முதலில் வழங்கி, பிற ஆண்டுகளுக்குரியவற்றைப் படிப்படியாக அனுப்ப ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். அவரை மறுத்துப் பேசிய உறுப்பினர்களின் உரைகளையும் விடாமல் சேர்த்துத் தர வேண்டும். அவ்வுரைகளின்றி அவரது பதில்கள் விளங்கா. படியெடுக்கும் கட்டணத்தையும் அஞ்சல் செலவையும் செலுத்துகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பொறுப்பாளர், தமிழ்ப் படிப்பகம்