வெறும் வண்டியில் கேட்காத ஸ்டியரிங் சத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரி மாவட்டம் கேத்தி பாலாடாவிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, நானே ஓட்டிப் பிழைத்து வருகிறேன். அந்த வண்டியின் ஸ்டியரிங்கில் எழுந்த ஒரு சத்தம், நான்கு மாதங்களுக்குள் மூன்று முறை சரிசெய்யப்பட்டு, மூன்று முறையும் திரும்பி வந்தது. மலைப்பாதையில் சரக்கு ஓட்டும் எல்லோருக்கும் இது பயன்படும் என்பதாலும், ஸ்டியரிங் பற்றிய புகாரை சர்வீஸ் சென்டர்கள் பரிசோதிக்கும் முறையும் எழுதிவைக்கும் முறையும் மாறியே ஆக வேண்டும் என்று நான் உறுதியாக எண்ணுவதாலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கேரட் கழுவும் இயந்திரங்களில் வேலை இரவிலேயே தொடங்கிவிடும். விடியற்காலை மூன்று மணியளவில், பனிக்காலத்தின் கடுங்குளிரில், மூட்டைகளை ஏற்றி முடித்து வண்டியைத் திருப்பும்போதுதான் அந்தச் சத்தம் முதலில் கேட்டது. ஸ்டியரிங்கை ஒடிக்கும் அளவுக்கு ஏறி, நேராக்கினால் அடங்கும் நீண்ட முனகல் அது. குன்னூரைத் தாண்டி இறங்கும்போது வளைவுக்கு வளைவு குறைந்துகொண்டே வந்து, கல்லாறு சேரும் நேரத்தில் ஏறக்குறைய மறைந்துவிடும். மண்டியில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது சுத்தமாகக் கேட்காது. மறுநாள் விடியற்காலையில் மறுபடியும் அதே முனகல்.

வாரண்டி இருந்ததால் கோவையிலுள்ள சர்வீஸ் சென்டருக்கே கொண்டுசென்றேன். முதல் முறை ஆயில் குறைந்திருக்கிறது என்று ஊற்றி அனுப்பினார்கள்; மூன்று வாரம் நன்றாக ஓடியது. இரண்டாம் முறை பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று மாற்றினார்கள். மறுநாள் காலையிலேயே சத்தம் வந்துவிட்டது. மூன்றாம் முறை பவர் ஸ்டியரிங் பம்பையே மாற்றினார்கள். புதுப் பம்பு வந்தும் அந்த வாரம் முடிவதற்குள் முனகல் திரும்பியபோது, நான்காம் முறையாகப் போய் நின்றேன். மதிய வெயிலில், வெறும் வண்டியை, சமதளமான சாலையில் ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘சத்தம் எதுவும் இல்லை, எல்லாம் சரியாக உள்ளது’ என்று, புகாரையும் செய்த வேலையையும் பதியும் ஜாப் கார்டில் எழுதிக் கையில் கொடுத்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில், அந்த இடத்தில், அந்த வண்டியில் சத்தம் இல்லைதான். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில், குளிரில், முழுப் பாரத்தோடு எழும் ஒரு குறையை, 400 மீட்டர் உயரத்து வெயிலில் காலி வண்டியில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? என் மனக்குறை எல்லாம் இந்த ஒரு இடத்தில்தான்.

கடைசியில் மேட்டுப்பாளையத்தில், மண்டிக்கு அருகில் பட்டறை வைத்திருக்கும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் சொன்னேன். அவர் வண்டியைத் தொடுவதற்கு முன்பே, எந்த நேரத்தில் வருகிறது, பாரம் இருக்கும்போதா இல்லாதபோதா, எந்தப் பக்கம் ஒடிக்கும்போது, சூடான பிறகு கூடுகிறதா குறைகிறதா என்று வரிசையாகக் கேட்டார். பதில்களைக் கேட்டுக்கொண்டு, இரவு வண்டியை விட்டுப்போகச் சொன்னார். மறுநாள் விடியலில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பவர் ஸ்டியரிங் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். தெளிவாக இருக்க வேண்டிய ஆயில், கடைந்த மோரைப்போல் நுரைத்து, பொடிப்பொடிக் குமிழிகளோடு வெளிறிக் கிடந்தது. பிறகு டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர் குழாயின் முனையில் என் விரலை வைக்கச் சொன்னார். குழாய் கட்டைபோல் இறுகியிருந்தது. அதைப் பிடித்திருந்த கிளிப்பை இரண்டு விரல்களால் சுற்ற முடிந்தது. தரையில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. கிளிப்பைச் சுற்றி மட்டும் புழுதி ஈரமாக அப்பியிருந்தது. புதுப் பம்பு மாட்டியபோதும் இதே பழைய குழாயையும் இதே கிளிப்பையும்தான் திரும்பப் பூட்டியிருந்தார்கள்.

அவர் சொன்ன விளக்கத்தை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்டியரிங்கில், பம்பு டப்பாவிலிருந்து ஆயிலை உறிஞ்சி, அழுத்தத்தோடு ஸ்டியரிங் பாக்ஸுக்குத் தள்ளுகிறது. தள்ளும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் ஆயில் வெளியே பீய்ச்சும். எவர் கண்ணுக்கும் தெரிந்துவிடும். உறிஞ்சும் பக்கத்தில் இணைப்பு தளர்ந்தால், ஆயில் வெளியே வருவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகும். குளிரில் ஆயில் கெட்டிப்படுவதால் பம்பு இன்னும் பலமாக உறிஞ்ச வேண்டியிருக்கிறது. இறுகிய ரப்பரும் குளிரில் பிடிப்பை இழக்கிறது. ஆகவே காற்று அதிகம் புகுந்து முனகல் எழுகிறது. எஞ்சின் சூடேறி ஆயில் இளகியதும் சத்தம் தணிந்துவிடுகிறது. பாரம் ஏற்றிய வண்டி இறக்கத்தில் வரும்போது முன்சக்கரங்களின் மேல் கூடுதல் எடை விழுவதால், மெதுவாக ஒடிக்கும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பம்பு அதிகம் உழைக்கிறது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையில் அப்படிப்பட்ட வளைவுகள் 14 உள்ளன.

ஒரு முழத்துக்கும் குறைவான குழாயையும் இரண்டு கிளிப்புகளையும் மாற்றினார். வண்டித் தயாரிப்பாளர் குறிப்பிட்ட வகை ஆயிலை மட்டுமே ஊற்றினார். கையில் கிடைத்த ஆயிலைக் கலந்தால் சீல்கள் கெடும் என்று எச்சரித்தார். முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை அணைத்து வைத்து, ஸ்டியரிங்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாகத் திருப்பச் சொல்லி, குறையக் குறைய ஆயில் விட்டு, குமிழி வருவது நின்ற பிறகே எஞ்சினை ஓட விட்டார். எனக்குச் செலவு சில நூறு ரூபாய். ஷோரூமுக்கு அலைந்த நான்கு நாட்களின் வாடகை இழப்பை இதில் சேர்க்கவில்லை. அந்த முனகல் இன்றுவரை வரவில்லை.

ஆனால் முனகல் நின்ற பிறகுதான் அதற்கு அடியில் மறைந்திருந்த இன்னொரு சத்தம் என் காதில் விழுந்தது. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை இடம் வலமாகச் சிறிது அசைத்தால் ‘டக்’ என்று ஒரு தட்டல். அன்றே அந்த மெக்கானிக்கிடம் திரும்பிப் போனேன். சக்கரங்கள் தரையில் இருக்க, எஞ்சின் ஓட, என்னைக் கேபினில் அமர்த்தி ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்கச் சொல்லிவிட்டு, அவர் கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பாகக் கையால் பிடித்துப் பார்த்தார். பிறகு கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எங்கள் இடங்களை மாற்றினார். சக்கரத்தை ஸ்டியரிங்கோடு இணைக்கும் மூட்டான இடப்பக்க டை ராட் எண்டின் மேல் கை வைத்தபோது, அந்தத் தட்டலை நான் காதால் கேட்கவில்லை, உள்ளங்கையில் உணர்ந்தேன். அதன் ரப்பர் உறை கிழிந்து, மழைக்காலச் சேறு உள்ளே போய், கிரீஸ் கழுவப்பட்டு, பந்து தேய்ந்திருந்தது. அதை மாற்றி வீல் அலைன்மெண்ட் செய்ததும் தட்டலும் போயிற்று.

இந்த இரண்டில் எது பெரிய ஆபத்து என்பதை ஓட்டுநர் நண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஊரைக் கூட்டும் அந்த முனகல் முற்றிப்போனால் பவர் போய் ஸ்டியரிங் கல்லாக இறுகும். பலத்தைக் கூட்டியாவது வண்டியைத் திருப்பி ஓரங்கட்டலாம். ஆனால் மெல்லிய தட்டலைக் கொடுத்த டை ராட் எண்ட் கழன்றுகொண்டால், அந்தச் சக்கரம் நம் பேச்சைக் கேட்காது. பர்லியார் இறக்கத்தில் அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை. நான்கு முறை சர்வீஸ் சென்டரின் லிஃப்டில் ஏறி இறங்கிய வண்டியில், கிழிந்த அந்த உறையை ஒருவர்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

சர்வீஸ் சென்டர்களுக்கு நான் வைக்கும் கோரிக்கை பெரிதல்ல. ஸ்டியரிங் பற்றிய புகார் வந்தால், அதை ‘ஸ்டியரிங் சத்தம்’ என்று இரண்டு சொல்லில் முடிக்காமல், எப்போது, எந்த நிலையில், எவ்வளவு பாரத்தில் வருகிறது என்பதை ஓட்டுநரின் சொற்களிலேயே ஜாப் கார்டில் பதிய வேண்டும். குளிரில் வரும் சத்தமென்றால் வண்டியை இரவு நிறுத்தி வைத்துக் காலையில் முதல் முறை எஞ்சினைக் கிளப்பும்போது பார்க்க வேண்டும். பாரத்தில் வருவதென்றால் பாரத்தோடு, வண்டிக்காரரையும் அருகில் அமர்த்திக்கொண்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்க வசதி இல்லையென்றால் ‘பரிசோதிக்கப்படவில்லை’ என்று எழுதட்டும். ‘சத்தம் இல்லை’ என்று எழுதக் கூடாது. ஒரே புகார் இரண்டாம் முறை வந்தாலே, காரணம் இன்னும் பிடிபடவில்லை என்று கொண்டு, பம்பு முதல் சக்கரம் வரை எல்லா இணைப்புகளையும் பார்க்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தை உரிமையாளரிடம் காட்டவும் வேண்டும்.

ஜாப் கார்டில் என்ன எழுதப்படுகிறது என்பது வெறும் காகித விவகாரம் அல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 110ஏ பிரிவின்படி, ஒரு வகை வண்டியில் ஆபத்தான குறை இருப்பதாகக் குறிப்பிட்ட விழுக்காட்டு உரிமையாளர்கள் தெரிவித்தால், அவ்வண்டிகளைத் திரும்பப் பெறும்படி தயாரிப்பாளருக்கு மத்திய அரசு ஆணையிடலாம். என் வண்டியின் குழாய் மட்டும்தான் இப்படி இறுகியதா, மலையில் ஓடும் அதே வகை வண்டிகள் எல்லாவற்றிலும் இப்படியா என்று எவரும் அறிய வேண்டுமானால், ஒவ்வொரு புகாரும் உள்ளபடி பதிவாகியிருக்க வேண்டும். ‘எல்லாம் சரி’ என்று எழுதி அனுப்பப்படும் ஒவ்வொரு வண்டியும் அந்தக் கணக்கிலிருந்து விடுபட்டுப் போகிறது.

மஞ்சள் போர்டு வண்டிக்கு நுகர்வோர் நீதிமன்றம் கிடையாது என்று ஸ்டாண்டில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் அப்படியே நம்பியிருந்தேன். அது சரியல்ல. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை விலக்கினாலும், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவரை அந்த விலக்கில் சேர்க்கவில்லை என்று தெளிவாகவே கூறுகிறது. ஒற்றை வண்டியை வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர், குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். கையில் ஜாப் கார்டுகள் இருக்க வேண்டும். வண்டியை எடுத்தால் போதும் என்று அவற்றைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

போக்குவரத்துத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். சரக்கு வண்டிகளுக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்கப்படுகிறது. சமவெளியில் ஓடும் வண்டிக்கு அந்த இடைவெளி போதுமானதாக இருக்கலாம். மலையில் ஒரே மழைக்காலத்தில் ரப்பர் உறை கிழிந்து, அடுத்த பனிக்காலத்துக்குள் இணைப்பு தேய்ந்துவிடுகிறது. அறுவடை மும்முரமாகும் முன்பு மேட்டுப்பாளையம் மண்டியிலோ கேத்தி பாலாடாவிலோ ஆண்டுக்கு ஒருமுறை முகாம் வைத்து, அபராதம் விதிக்கும் நோக்கமில்லாமல், டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட், ஸ்டியரிங் ஷாஃப்டின் கிராஸ் மூட்டு, ஆயில் குழாய்கள் ஆகியவற்றை மட்டும் பார்த்துச் சொன்னால்கூடப் பெரிய உதவியாக இருக்கும். ஒரு வண்டிக்கு இருவர் இருந்தால் பத்து நிமிட வேலைதான் அது. நான் என் வண்டியிலேயே செய்து பார்த்திருக்கிறேன். முகாம் நடந்தால், வண்டிகளை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தும்படி எங்கள் பகுதி ஓட்டுநர்களிடம் பேசி ஏற்பாடு செய்யும் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிக்கப் வண்டி உரிமையாளர், ஓட்டுநர்,
கேத்தி பாலாடா, நீலகிரி மாவட்டம்.